பதினாறு தையல், ஒரு ஓட்டு

என் வலது கண்ணின் முன்பக்கம் என்னுடையது அல்ல. யாரோ ஒருவர் இறந்த வீட்டில், அழுகைக்கு நடுவே ஒருவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதனால் எனக்குக் கிடைத்தது. ஆணா பெண்ணா, என்ன வயது என்று ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்தேன். சொல்லக் கூடாதாம். "நல்ல கார்னியா சார், பத்திரமா வெச்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னார்கள். வாடகைக்கு வீடு விடுகிறவர் சாவியைக் கொடுக்கும்போது சொல்கிற அதே குரல்.

என்னுடையதை நானே அடித்துக் கொன்றேன். லிங்கராஜபுரத்தில் ஃப்ளெக்ஸ் பேனர், ஜெராக்ஸ், கல்யாண அழைப்பிதழ் எல்லாம் போடும் சின்னக் கடை என்னுடையது. மை வாசனை, பஸ் கிளப்பும் புழுதி, எதிர் வீட்டு மரம் உதிர்க்கும் மஞ்சள் தூள், மூன்றும் சேர்ந்து என் கண்ணில் குடியிருந்தன. சிலர் மீசையை முறுக்குவார்கள், நான் கண்ணைக் கசக்குவேன். சும்மா விரல் நுனியால் அல்ல. முஷ்டியை மடக்கி, கணுவைக் குழிக்குள் விட்டுத் திருகித் திருகி, உள்ளே பச்சையும் ஊதாவுமாக மத்தாப்பு வெடிக்கும்வரை. பிசைகிற சத்தம் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். முப்பது வருடம் இந்த அடிதடி நடந்தது. யாரும் போலீஸில் புகார் கொடுக்கவில்லை.

கடைசியில் கருவிழியை மூடியிருக்கும் அந்தக் கண்ணாடிப் படலம், அதாவது கார்னியா, மெலிந்து கூம்பு போல முன்னால் பிதுங்கிவிட்டது. இடது கண்ணும் அதே பாதையில்தான், ஆனால் சில மைல் பின்னால். லென்ஸ் போட்டால் அது ஓரளவு பிழைத்துக்கொள்ளும்.

டாக்டர் ஒல்லியான கன்னடப் பெண்மணி. அவர் தமிழில் திட்டும்போது மட்டும் இலக்கணம் பிசகாது. "யாராவது உங்களை அடிச்சாங்களா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "அடிச்சவரை வெளிய அனுப்பிட்டு உங்களை மட்டும் அட்மிட் பண்ண முடியாதே" என்றார்.

மயக்க ஊசியைக் கண்ணுக்குக் கீழே போட்டார்கள். ஊசி உள்ளே போய், இன்னும் போய், காதுவழியே வெளியே வரப்போகிறது என்று நான் முடிவு செய்த நேரத்தில் நின்றது. பிறகு வலியில்லை. ஆனால் எல்லாம் தெரிந்தது. பிஸ்கட் மாவை வட்டமாக வெட்டுகிற அச்சு போல ஒரு கருவி என் கண்ணின் மேல் அமர்ந்து திரும்பியது. பழைய படலத்தை எடுத்துவிட்டார்கள். சில நிமிடம் என் கண் மூடியில்லாத டப்பா. "அல்லாடபேடி சார், அல்லாடபேடி, அசையவே கூடாது" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் எங்கே அசைவது? மூச்சையே பிற்பாடு விட்டுக்கொள்ளலாம் என்று நிறுத்தி வைத்திருந்தேன். தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலில் பதினாறு தையல். தைக்கும்போது நர்ஸும் இன்னொருவரும் மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள். சித்ரான்னம் தீர்ந்துவிட்டதாம்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. ஆபரேஷன் முடிந்தால் கண் தெரியும் என்று நினைத்திருந்தேன். முதல் நாள் பால்பாக்கெட்டுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அந்தப் படலம் வீங்கித் தடித்திருந்தது. வாரம் போகப்போக நீர் வடிந்து மெலிந்தது. முதலில் ஜன்னல் இருக்கும் திசை, பிறகு ஜன்னல், பிறகு ஜன்னலில் காயும் என் பனியன். மூன்றாம் மாதம் தெரு தெரிந்தது, ஆனால் இரண்டு தெருக்கள். தையல்கள் ஒரு பக்கம் இறுக்கமாகவும் ஒரு பக்கம் தளர்வாகவும் இழுத்துக்கொண்டிருந்தன. பந்தல்காரன் அவசரத்தில் கட்டிய கயிறு போல. அதனால் ஒவ்வொரு மனிதருக்கும் இடதுபக்கம் இன்னொரு மங்கலான மனிதர் ஒட்டிக்கொண்டு நடந்தார். டாக்டர் என் கார்னியாவின் படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினார். மேலும் கீழும் சிவப்பு, இரண்டு பக்கமும் நீலம். நான் அடித்த எந்த பேனரும் இவ்வளவு அடிதடி நிறத்தில் இருந்ததில்லை.

"ஒவ்வொரு ஸ்டிச்சா எடுத்து சரி பண்ணுவோம். எடுக்க எடுக்க ஷேப் மாறும். வருஷக்கணக்கா மாறிட்டே இருக்கும்" என்றார் டாக்டர். "ஆனா ஒண்ணு. கார்னியாவுல ரத்தக் குழாய் கிடையாது. அதனால காயம் ரொம்ப மெதுவாத்தான் ஆறும். ஆறினாலும் பழைய பலம் வராது. ஒரு அடி பட்டா பிரிஞ்சிடும். கண்ணு போயிடும். கூட்டம், சண்டை, பந்து, குழந்தைங்க கை, எதுக்கும் பக்கத்துல போகாதீங்க."

"சண்டைக்கு நான் போறதே இல்ல டாக்டர். பிறவிக் கோழை" என்றேன். என் மனைவி பலமாகத் தலையாட்டி அதை உறுதி செய்தாள்.

இடது கண்ணுக்கும் லென்ஸ் கூடாது என்றார். உறுத்தினால் என் கை தானாக மேலே ஏறும், ஏறின கைக்கு வலது இடது தெரியாது என்பது அவர் பயம். ஆக, ஒரு கண்ணில் மங்கல், இன்னொன்றில் இரட்டை. இந்த நிலையில்தான் எங்கள் தேவாலயத்தில் கமிட்டித் தேர்தல் வந்தது.

வெளியாளுக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பது சிரமம். ஞாயிறு ஆராதனையில் ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் சொல்லிக்கொள்கிற அதே மனிதர்கள், கமிட்டித் தேர்தல் என்றதும் இரண்டு அணியாகப் பிரிந்து, மூன்று மாதத்துக்கு ஒருவர் வீட்டுக் கேக்கை ஒருவர் தின்ன மாட்டார்கள். ஓர் அணியில் என் மச்சான் நின்றார், மனைவியின் அண்ணன். எதிரணிக்குத் தலைவர் பாடகர் குழுவில் பேஸ் என்கிற கனத்த அடிக்குரலில் பாடுகிறவர். ஓய்வுபெற்ற மனிதர், அலமாரி அகலம். அவர் "ஆமென்" சொன்னால் பெஞ்சு அதிரும். இரண்டு அணிக்கும் நோட்டீஸ் அடித்தது நான்தான். ஓட்டுச் சீட்டும் என் கடையில்தான் அடித்தது. ஒரு தாளில் எட்டுச் சீட்டு அடங்கவேண்டும் என்ற என் புத்திசாலித்தனத்தில் எழுத்தைக் கடுகளவுக்குக் குறுக்கியிருந்தேன்.

"நீங்க வர வேணாங்க. கூட்டம். டாக்டர் என்னா சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"ஓட்டு போட்டுட்டு ஓடி வந்துடறேன். வரலன்னா உங்கண்ணன் என்னை வெட்டிடுவாரு" என்றேன். பிளாஸ்டிக் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனேன். வெல்டிங் பட்டறையிலிருந்து நேராக சர்ச்சுக்கு வந்தவன் மாதிரி இருந்தேன்.

ஆராதனை முடிந்து, பக்கத்து ஹாலில் ஸ்டீல் நாற்காலிகளை ஓரங்கட்டி மேசை போட்டிருந்தார்கள். வேறு சபைப் போதகர் ஒருவர் தேர்தல் அதிகாரி. பதினான்கு பேரில் ஏழு பேருக்கு டிக் போட வேண்டும். சீட்டை வாங்கிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். பதினான்கு பேர் இருபத்தெட்டாக இருந்தார்கள், அதில் ஒருவரைக்கூடப் படிக்க முடியவில்லை. அப்போது நான் செய்ததை என் எதிரிகூடச் செய்ய மாட்டான். தலையைத் தூக்கி, ஹாலுக்கே கேட்கிற மாதிரி, "மச்சான், கொஞ்சம் வாங்க! இதுல உங்க பேரு எங்க இருக்குன்னே தெரியல" என்றேன்.

வேட்பாளரும் வந்துவிட்டார். "மூணாவது, மாப்ள. அப்புறம் அஞ்சு, ஏழு…"

"ஏய்! இன்னா மேன் நடக்குது அங்க?" பேஸ் குரல் கூரையில் பட்டுத் திரும்பியது. "கேண்டிடேட்டே கூட நின்னு டிக் போட வெக்கிறாரு! பாஸ்டர், பாக்கறீங்களா இல்லியா?"

"கண்ணு ஆபரேஷன் பண்ணவருண்ணா" என்றார் மச்சான்.

"அதான் புதுக் கண்ணு போட்டாங்களே! சபையே முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுச்சே!"

"அது இன்னும் செட்டாகல."

"செட்டாகாத கண்ணுக்கு எதுக்கு ஓட்டு?"

போதகர் கையை உயர்த்தினார். "சண்டை வேணாம். கேண்டிடேட் இல்லாத ஒருத்தர் அவருக்குப் படிச்சுக் காட்டட்டும்."

"படிச்சுக் காட்டட்டும் பாஸ்டர். ஆனா எனக்கு ஒரு சந்தேகம்." பேஸ்காரர் நடு ஹாலுக்கு வந்துவிட்டார். "அந்தக் கண்ணு நம்ம சபையா? எந்த சர்ச்சுல ஞானஸ்நானம் எடுத்துச்சு? டிரான்ஸ்ஃபர் லெட்டர் இருக்கா?"

ஹால் சிரித்தது. என் அணிக்காரர்களும் சிரித்தார்கள். எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். நல்ல ஜோக், யார் சொன்னால் என்ன? அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்குச் சிரிப்பு ருசித்துவிட்டது.

"செத்தவங்க ஓட்டை வேற யாராவது போடுறத பார்த்திருக்கேன். செத்தவங்க கண்ணே நேர்ல வந்து ஓட்டு போடுறத இன்னிக்குத்தான் பாக்குறேன்!"

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை எனக்கு வரவில்லை. ஐந்து மாதமாக, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அந்தக் கண்ணுக்கு மருந்து விடும் ஒவ்வொரு வேளையும், அந்த முகம் தெரியாத மனிதரிடம் ஏதாவது பேசிக்கொண்டிருந்தேன். "இன்னிக்கு வெயில் அதிகங்க" என்கிற மாதிரி. விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு வந்து நடு ஹாலில் அவமானப்பட வைத்துவிட்டேன். பிறவிக் கோழை முஷ்டியை மடக்கினான்.

எதிரே இரண்டு பேஸ்காரர்கள் நின்றார்கள். வலதுபக்கம் இருப்பவர் நிஜம், இடதுபக்கம் இருப்பவர் நிழல். மூன்று மாதமாகப் பழகிய கணக்கு அது. கோபத்தில் மறந்துபோயிற்று. உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் திரட்டி இடதுபக்கத்து ஆளின் முகத்தில் விட்டேன். முஷ்டி அவரைத் துளைத்துக்கொண்டு போனது. போய், ஏதோ கெட்டியான ஒன்றில் நறுக்கென்று மோதியது. தூண் என்று நினைத்தேன். கணுவில் தோல் கிழிந்தது. போன வேகத்தில் நான் முன்னால் சரிந்தேன். நிஜ பேஸ்காரர் தடுக்கக் கையைத் தூக்கினார். அவருடைய முழங்கை நேராக என் வலது கண்ணில் இறங்கியது.

மத்தாப்பு. பிறகு ஒன்றுமில்லை.

"மாப்ளைய அடிச்சுட்டான்டா!" என்று மச்சான் கத்தியது கேட்டது. முதல் நாற்காலி எங்கிருந்து பறந்தது என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி. இரண்டாவது நாற்காலி போதகரின் மேசையில் விழுந்தது. மூக்கில் குத்து வாங்கியவர் குத்துவிட்டவரின் டையைப் பிடித்துத் தரையில் இழுத்தார். ஓட்டுப்பெட்டியை யாரோ உதைத்தார்கள், யாரோ அதைத் தூக்கி யார் தலையிலோ கவிழ்த்தார்கள். ஞானஸ்நானத்தில் ஒரே குழந்தைக்கு ஞானத் தகப்பன்களாக நின்ற இரண்டு பேர் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கால்களுக்குக் கீழே நான் குப்புறக் கிடந்தேன். முழங்கையை ஊன்றி, முகத்தைத் தரைக்கு மேலே தூக்கி வைத்திருந்தேன். ஒரு செருப்பு என் விரல்களை மிதித்துத் திரும்பியது. கன்னத்தில் வெதுவெதுப்பாக ஏதோ வழிந்தது. கண்ணீர் என்றால் இரண்டு கண்ணிலும் வர வேண்டும். இது ஒரு கண்ணில்தான் வந்தது. உள்ளேயிருந்து வந்தது.

"கண்ணு!" என்று கத்தினேன். "என் கண்ணு ஒழுகுது!"

அந்தச் சத்தத்தில் ஹால் அப்படியே நின்றுவிட்டது. ஓங்கிய நாற்காலிகள் ஓங்கியபடி நின்றன.

என் மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். ஒரு கையால் கர்ச்சீப்பை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்தேன். கண்ணை அழுத்தாமல் மூட ஏதாவது வேண்டும் என்று அவளுக்குத்தான் தோன்றியது. டீ குடிக்க வைத்திருந்த பேப்பர் கப்பில் ஒன்றை எடுத்துக் கண்மேல் கவிழ்த்து, ஓட்டுப்பெட்டிக்கு சீல் வைக்க வாங்கிய பழுப்பு டேப்பால் நெற்றியோடும் கன்னத்தோடும் ஒட்டினாள்.

ஆட்டோவில் என் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு வந்தவர் பேஸ்காரர்தான். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, அவரே ஏறிவிட்டார். காக்ஸ் டவுன் தாண்டுவதற்குள் எத்தனை ஸ்பீட் பிரேக்கர் என்று அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் கண்ணுக்குள் இருப்பதெல்லாம் கப்புக்குள் கொட்டிவிடும் போலிருந்தது. பேஸ்காரர் சத்தமாக ஜெபித்துக்கொண்டே வந்தார். டிரைவர் திரும்பி, "சார், ஹாரன் சத்தமே கேக்கல, கொஞ்சம் மெல்ல" என்றார்.

"எலக்ஷனா?" என்றார் டாக்டர். கப்பைக் கழற்றியபோது அவர் முகம் வெளுத்ததை என் இடது கண்ணின் மங்கலிலும் பார்த்தேன். "என்ன எலக்ஷன்? நீங்க எம்எல்ஏவா? நாலு ஸ்டிச் பிரிஞ்சிடுச்சு. உள்ள இருக்கிற ஐரிஸ் வெளிய எட்டிப் பாக்குது."

"போயிடுச்சா டாக்டர்?"

"வாயை மூடிட்டுப் படுங்க. தெரியாது."

மறுபடியும் ஊசி, மறுபடியும் நூல். பழைய தையல் பிரிந்த இடத்தில் ஏழு புதுத் தையல். உள் லென்ஸ் தப்பியது, விழித்திரை தப்பியது. படலம் நிற்குமா என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

நிற்காது போலத்தான் இருந்தது. மூன்றாம் வாரம் வெளிச்சம் குத்தத் தொடங்கியது. டியூப்லைட்டைப் போட்டால் ஆணி அடித்த மாதிரி இருந்தது. கண் சிவந்து, தெரிந்துகொண்டிருந்த ஜன்னலும் பாலில் மூழ்கியது. உடம்புக்கு இத்தனை நாள் அந்தக் கார்னியா வெளி ஆள் என்பது தெரியாமல் இருந்ததாம். ரத்தம் எட்டாத மூலையில் அது சத்தமில்லாமல் குடியிருந்தது. அடிபட்டு, புண்ணாகி, ரத்தக் குழாய்கள் அந்தப் பக்கம் முளைத்ததும் என் ரத்தத்து ஆட்கள் பார்த்துவிட்டார்கள். அடையாள அட்டை கேட்டார்கள். இல்லையென்றதும் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். "ரிஜெக்‌ஷன்" என்றார் டாக்டர். "அணுக்கள் வரிசையா அணிவகுத்துப் போய் அதைக் கொல்லுது. ஸ்டீராய்ட் சொட்டு மருந்து, விழிச்சிருக்கிற நேரமெல்லாம் மணிக்கு ஒரு தடவை. விட்டீங்கன்னா முடிஞ்சது."

டீச்சரான மனைவி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டாள். மணிக்கு ஒரு தடவை குக்கர் விசில் மாதிரி வருவாள். "படுங்க. மேல பாருங்க. மேலன்னா ஃபேனை, என்னை இல்ல." சொட்டு விழும், எரியும், நான் கத்துவேன், அவள் கீழ் இமையைப் பிடித்த பிடியை விட மாட்டாள். அந்த நாட்களில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. கோபம், நியாயம்தானே என்று இருந்தேன்.

பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நான் கதை சொன்னேன். கண்ணைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக இருந்தது, வாய் உட்பட. இரண்டு பேஸ்காரர்கள் நின்றதையும், நான் நிழலைக் குத்தியதையும், என் முஷ்டி தூணில் போய் மோதியதையும் நடித்தே காட்டுவேன். பேஸ்காரர் வாரம் இரண்டு முறை வந்து உட்காருவார். அவருக்கே மூன்று முறை சொன்னேன். தூண் வரும் இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. என் ஜோக்குகளுக்கு அது வழக்கம்தான் என்று விட்டுவிட்டேன். ஒருமுறை அவர், "தம்பி, அந்தத் தூணு…" என்று ஆரம்பித்தார். மனைவி உள்ளேயிருந்து, "அண்ணே, டீ ஆறுது" என்றாள்.

ஆறு வாரம் ஆயிற்று. ஒரு நாள் டாக்டர் விளக்கை வைத்து நீண்ட நேரம் பார்த்தார். அதை வலமும் இடமும் நகர்த்திப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "அணிவகுப்பு நின்னுடுச்சு" என்றார். "வெச்சுத் தெச்ச கிராஃப்ட் தெளியுது. ஷேப் மொத்தமா வேற. முன்ன சிவப்பா இருந்த இடம் இப்ப நீலம். புதுசா ஆரம்பிப்போம். ஆனா உயிரோட இருக்கு."

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாடு முடிந்து கட்டிலில் படுத்திருந்தேன். மனைவி மருந்தோடு வந்தாள். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால், நின்றிருந்த ஃபேனைப் பார்த்தேன். மூன்று இறக்கைகள் தனித்தனியாக, அதிலிருந்த தூசியோடு தெரிந்தன. அவள் முகம் குறுக்கே வந்தது. அடுத்தவர் கண்ணுக்கு மருந்து விடுகிறவர்கள் கவனத்தில் தங்கள் வாயைத் திறந்துகொள்வார்கள், கவனித்திருக்கிறீர்களா? அவளும் அப்படித்தான். ஒரு சாண் தூரத்தில் அவள் வாய் திறந்தது. மேல்வரிசை முன்பல்லில் ஒரு மூலை இல்லை. சாய்வாக உடைந்திருந்தது.

"பல்லு எப்ப உடைஞ்சுது?"

"அசையாதீங்க."

"எப்ப?"

"எலக்ஷன் அன்னிக்கு."

"எந்தப் பய அடிச்சான்? உங்கண்ணன் ஆளா, அவங்க ஆளா?"

அவள் சொட்டு மருந்தை விட்டாள். இமையைப் பிடித்தபடியே, வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்கிற நிதானத்தில் சொன்னாள். "நீங்க கையை ஓங்கறதப் பாத்துட்டு இழுக்க ஓடி வந்தேன். அந்தாளுக்கு இந்தப் பக்கம் வந்து நின்னுட்டேன். தூணு ஜன்னல் பக்கத்துலதானே இருக்கு? நீங்க நின்ன இடத்துல தூணே கிடையாதுங்க."

என் வலது கையின் கணுக்களை இடது கையால் மூடிக்கொண்டேன். பேஸ்காரர், மச்சான், போதகர், வந்து போன அத்தனை பேர் முகமும் வரிசையாக வந்தன. எல்லோர் முன்னாலும் அந்தக் குத்தை நான் நடித்துக் காட்டியிருக்கிறேன். இவள் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"ஏன் சொல்லல?"

"கண்ணு இருக்குமா போகுமான்னு இருக்கும்போது பல்லைப் பத்தி யாராச்சும் பேசுவாங்களா?"

எனக்கு ஏதோ ஜோக் வாய்வரை வந்தது. எப்போதும் ஏதாவது வரும். வந்ததை விழுங்கினேன். முதலில் வலது கண் கலங்கியது, கூடவே இடது கண்ணும்.

"அழாதீங்க" என்றாள் அவள், பாட்டிலை மறுபடியும் திறந்துகொண்டே. "மருந்தெல்லாம் வெளிய போகுது பாருங்க. மேல பாருங்க. மேல."